அறுபது இலக்கங்களும் ஒத்துப்போயின

1

அப்பாவின் முதலாம் ஆண்டுத் திருப்பலிக்கு ஊருக்குப் போகப்போகிறேன் என்பதை நான் மூன்று பேருக்குத்தான் சொல்லியிருந்தேன். விடுமுறை தரவேண்டிய மேற்பார்வையாளருக்கு, என் கணவருக்கு, திருகோணமலையில் இருக்கும் தங்கை ஸ்ரெல்லாவுக்கு. நாலாவதாக ஒருவருக்கும் அது தெரிந்திருந்தது.

ஸ்ரெல்லா படிப்பிக்கும் பாடசாலை வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அவர் நின்றாராம். நல்ல தமிழ், மரியாதையான கதை. "ரீச்சர், சுகமா? அக்கா ஜேர்மனியில இருந்து வாறாவாமே, சந்தோசம்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கும் காத்திராமல் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். எந்த அலுவலகத்தைச் சேர்ந்தவர் என்று அவர் சொல்லவில்லை. அப்படி வருகிறவர்களிடம் எங்கள் ஊரில் யாரும் அதைக் கேட்பதுமில்லை.

இதை ஸ்ரெல்லா எனக்குச் சொன்னது, எல்லோருடைய போனிலும் இருக்கும் அந்த வழக்கமான அழைப்புச் செயலியில்தான்.

"அக்கா, நீங்கள் ஆருக்கும் சொன்னீங்களா?"

"நான் ஆருக்கடி சொல்லப்போறன்?"

"அப்ப எப்பிடித் தெரியும்?"

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணம் வந்திருக்கவேண்டும். நாங்கள் இப்போது கதைத்துக்கொண்டிருப்பதையும் யாரோ கேட்டுக்கொண்டிருக்கலாம். "சரி அக்கா, சமையல் கிடக்கு" என்று அவள் வைத்துவிட்டாள். அங்கே அப்போது பின்னேரம் மூன்று மணியும் ஆகியிராது. அந்த நேரத்தில் அவள் சமைக்கிறவள் அல்ல.

ஒரு ஆசிரியை எதற்காக யாருடைய கண்ணிலும் படவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். லிங்கநகரில் வீடு, நகரத்தில் வேலை என்று வந்துவிட்டாலும், ஸ்ரெல்லா முதலில் படிப்பித்தது மூதூருக்கு அப்பால் ஈச்சிலம்பற்றுப் பக்கத்தில். அங்கே கடற்கரையில் சில குடும்பங்கள் காலம் காலமாக வள்ளம் இழுத்து வைக்கும் இடத்தை, விடுதி கட்டப்போவதாகச் சொல்லி ஒரு கம்பனி கம்பிவேலி போட்டு அடைத்துவிட்டது. வழக்குப் போடுவதற்கு அந்தக் குடும்பங்களுக்கு எழுதவும், சட்டத்தரணியோடு கதைக்கவும் ஒரு ஆள் தேவைப்பட்டது. அவர்களுடைய பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த ரீச்சரைத்தான் அவர்கள் கேட்டார்கள். சனி, ஞாயிறுகளில் அவள் பஸ் ஏறிப் போய்விடுவாள்.

அதற்கு முன்னும் ஒன்று நடந்திருந்தது. பவளக்கா என்ற மீன் வியாபாரப் பெண்ணின் வீட்டில் அவர்கள் கூடவிருந்த நாளில், கூட்டம் தொடங்குமுன்னரே அந்த ஒழுங்கைமுகப்பில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. ஊர்வாய் என்று அப்போது விட்டுவிட்டோம். இப்போது விட முடியவில்லை.

2

நான் வேலை செய்வது ஒரு ஆஸ்பத்திரியின் குசினியில். சாப்பாட்டுத் தட்டுகளை வரிசைப்படுத்தி வண்டிலில் ஏற்றுவது என் பொறுப்பு. ஒவ்வொரு தட்டிலும் நோயாளியின் பெயர் எழுதிய அட்டை இருக்கும். அதை எழுத்து கீழே இருக்கும்படி கவிழ்த்து வைக்கவேண்டும். யாருக்கு உப்பில்லாத சாப்பாடு, யாருக்குச் சீனியில்லாத சாப்பாடு என்று நடைபாதையில் போகிறவர் வாசித்துவிடக்கூடாது. ஒருமுறை மறந்து நிமிர்த்தி வைத்ததற்கு மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டு அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினார். பல் டொக்டரிடம் போனாலும் முதலில் தரவுப் பாதுகாப்புத் தாளில் கையெழுத்து வைக்கவேண்டும், அதற்குப் பிறகுதான் வாயைத் திறக்கலாம். இந்த நாட்டில் என்னுடைய பல்லைப் பற்றிய செய்தி பத்திரமாக இருக்கிறது. என் தங்கையோடு நான் கதைப்பது இல்லை.

அந்தக் கிழமை நான் தொலைபேசிக் கடைக்குப் போனேன். என் ஜேர்மன் மொழி குசினிக்குப் போதும், கடைக்குப் போதாது. காதால் கேட்பதற்கு அவர்கள் 'ஹேறன்' என்பார்கள். அதற்கு முன்னால் ஒரு சின்னச் சொல்லை ஒட்டினால் எல்லாம் தலைகீழாகிவிடும். ஒன்றை ஒட்டினால் நிறுத்துவது. இன்னொன்றை ஒட்டினால் ஒட்டுக்கேட்பது. டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பதற்கும் அந்த இரண்டாவது சொல்லையே பாவிக்கிறார்கள். நான் பதற்றத்தில் முதலாவதைச் சொல்லிவிட்டேன்.

"என் தங்கையின் தொலைபேசியை நிறுத்துகிறார்கள்" என்று நான் சொல்ல, கடைப்பெடியன் கவலையோடு, "கட்டணம் கட்டவில்லையா?" என்று கேட்டான். திருத்திச் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, வழக்கமான செயலியே பூட்டுப் போட்டுத்தான் வருகிறது, நடுவில் ஒருவராலும் கேட்க முடியாது என்றான். "அப்படியென்றால் எப்படித் தெரிந்தது?" என்றேன். அவன் தோளைக் குலுக்கினான். அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள்.

வெளியே வந்தபோது எனக்கு அவன் மேலேயே சந்தேகம் வந்தது. எதற்காகத் தங்கை எந்த நாட்டில் இருக்கிறாள் என்று கேட்டான்? பிறகு யோசித்தால், சர்வதேச அழைப்புத் திட்டம் விற்கத்தான் கேட்டிருக்கிறான்.

3

பாதுகாப்பான செயலி தேடுவது பாதுகாப்பான வாடகை வீடு தேடுவது போன்ற வேலை. ஒவ்வொன்றுக்கும் வெளியில் நல்ல பெயர். உள்ளே போய்ப் பார்த்தால் ஏதோ ஒன்று மணக்கும்.

முதலில் எடுத்ததை எங்கள் நகரத் தமிழ்க்கடைக்காரர் சொன்னார். எல்லோரும் இப்போது இதற்குத்தான் மாறுகிறார்கள் என்றார். பதிந்தவுடனேயே அது என் போனில் இருந்த எல்லா இலக்கங்களையும் எடுத்துக்கொண்டு, நான் வந்துவிட்டேன் என்று தெரிந்த தெரியாத எல்லோருக்கும் அறிவித்தது. இருபது வருடமாகப் பேச்சில்லாத ஒரு சொந்தக்காரர் உடனே பூங்கொத்துப் படம் அனுப்பினார். அதைவிட மோசம், அதில் சாதாரணமாகக் கதைப்பது முழுவதும் பூட்டப்படுவதில்லை. பூட்டவேண்டுமென்றால் ஒவ்வொரு ஆளோடும் தனியாக அதைத் தெரிவு செய்யவேண்டும். இதை நான் ஒரு கிழமை கழித்துத்தான் கண்டுபிடித்தேன். அன்றைக்கே அழித்தேன்.

இரண்டாவது, தொலைபேசி இலக்கமே கேட்காதது. பெயரும் வேண்டாம், ஊரும் வேண்டாம் என்றது. எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஸ்ரெல்லாவின் பழைய போனில் அது திறக்கவே நேரம் எடுக்கும். நான் அனுப்பும் செய்தி அடுத்தநாள் போய்ச் சேரும். குரல் அழைப்பு எடுத்தால், கிணற்றுக்குள் இருந்து கதைப்பது போலக் கேட்கும்.

"அக்கா, இது களவாக் கேக்கிறவனுக்கும் விளங்காது, எனக்கும் விளங்கேல்ல" என்றாள்.

மூன்றாவதைச் சொன்னவள் என் மகள் லேயா. இன்னொரு நகரத்தில் தங்கி மரங்களைப் பற்றிப் படிக்கிறாள். அவளுடைய கூட்டாளிகள் பெரிய கம்பனிகளின் செயலிகளைக் கொள்கையாகவே தொடுவதில்லை. இதை இலாபநோக்கில்லாத ஒரு அமைப்பு செய்ததாம், எப்படிச் செய்தார்கள் என்பதையும் யாரும் பார்க்கலாமாம்.

"எவரும் பார்க்கலாம் என்றால் அது எப்படி இரகசியம்?" என்று கேட்டேன்.

அவள் ஜேர்மனில் விளங்கப்படுத்தினாள். நான் தமிழில் சொல்லச் சொன்னேன். "பூட்டு எப்பிடி செய்யிறது எண்டு எல்லாருக்கும் தெரியும் அம்மா. ஆனா திறப்பு உங்களிட்ட" என்றாள். பிறகு பழையபடி ஜேர்மனுக்குத் தாவி, நான் எல்லோரையும் பொலீஸ்காரி மாதிரி விசாரிப்பதாகச் சொன்னாள். அவள் சின்னதாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஊருக்குக் கதைக்கும்போது ஏன் குரலைத் தாழ்த்துகிறோம் என்று கேட்பாள். இப்போது அதைக் கேட்பதில்லை. எங்கள் பழக்கம் என்று விட்டுவிட்டாள்.

மூன்றாவது செயலி ஸ்ரெல்லாவின் போனிலும் நன்றாக வேலை செய்தது. ஆனால் அதில் எங்கள் இரண்டு பேரைத் தவிர வேறு ஒருவரும் இல்லை. குடும்பக் குழு, கோயில் குழு, பாடசாலைக் குழு எல்லாம் பழையதிலேயே கிடந்தன. ஆளில்லாத வீட்டு முன்னறையில் இரண்டு கதிரையைப் போட்டு உட்கார்ந்து கதைப்பது போல இருந்தது.

4

அந்தச் செயலியில் ஒரு வசதி உண்டு. இரண்டு பேருக்கும் இடையில் வேறொருவர் புகுந்திருக்கிறாரா என்று பார்க்க, இரண்டு போனிலும் அறுபது இலக்கங்கள் தோன்றும். அவை ஒன்றாக இருக்கவேண்டும். வேறாக இருந்தால் நடுவில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

சாதாரணத் தொலைபேசி இணைப்பில் அழைத்து இலக்கங்களை ஒப்பிடுவதாகத் தீர்மானித்தோம். எனக்கு இடைவேளை நேரம். குசினியின் பின்கதவுக்கு வெளியே, வெறும் பெட்டிகள் அடுக்கியிருக்கும் இடத்தில் நின்று நான் வாசித்தேன். ஸ்ரெல்லா பாடசாலை விட்டு வந்து, துறைமுகத்தைப் பார்த்த மதிலடியில் நின்று கேட்டாள். பின்னால் ஒரு கப்பல் ஊதியது எனக்கும் கேட்டது.

"எழுபத்திநாலு, பதின்மூண்டு..." என்று தொடங்கினேன்.

"என்ன?"

"எழுபத்திநாலு."

"இல்ல அக்கா. இஞ்ச நாப்பத்தேழு."

"திருப்பிப் பார்."

"நாப்பத்தேழு. பிறகு முப்பத்தொண்டு. ஒண்டும் ஒத்து வரேல்ல. அக்கா, வையுங்கோ. உடன வையுங்கோ."

அவள் இணைப்பைத் துண்டித்துவிட்டாள். நான் பெட்டிகளின் மேல் உட்கார்ந்துவிட்டேன். புதிதாகப் பதிந்த செயலி, ஒரு கிழமைகூட ஆகவில்லை, அதற்குள்ளும் வந்துவிட்டார்களா? யார் எங்களை இவ்வளவு கஷ்டப்பட்டுக் கேட்கிறார்கள்? என்னோடு வேலை செய்யும் துருக்கிப் பெண் வந்து, யாராவது செத்துப்போனார்களா என்று கேட்டாள்.

பின்னேரம் லேயாவுக்குச் சொன்னேன். "அம்மா, உங்கட ஸ்கிரீனில முதல் ரெண்டு இலக்கத்தையும் ஒவ்வொண்டா வாசியுங்கோ" என்றாள்.

"நாலு. ஏழு."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இந்த நாட்டில் நாற்பத்தேழை ஏழும் நாற்பதும் என்றுதான் சொல்வார்கள். இத்தனை வருடமாகத் தட்டு இலக்கங்களை அப்படியே கேட்டுக் கேட்டு, தமிழில் வாசிக்கும்போதும் என் வாய் பின்னிலக்கத்தை முன்னுக்குச் சொல்லியிருக்கிறது. என் தாய்மொழியில் எனக்கு எண்ணத் தெரியவில்லை என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன்.

அடுத்தநாள் ஒவ்வொரு இலக்கமாக வாசித்தோம். அறுபதும் ஒத்துப்போயின. "இனிப் பயமில்லாமக் கதைக்கலாம்" என்றாள் ஸ்ரெல்லா. அவள் குரலில் அப்படி ஒரு இலேசை நான் பல மாதமாகக் கேட்டிருக்கவில்லை.

5

இரண்டு பேரும் நிறையக் கதைத்தோம். நேரம் ஒத்து வராததால் பெரும்பாலும் குரல் பதிவுகள்தான். நான் வேலைக்குப் போகும் டிராமில் அவளுடையதைக் கேட்பேன். வழக்கு எப்படிப் போகிறது, யார் பின்வாங்குகிறார்கள், யார் துணிந்து நிற்கிறார்கள் என்றெல்லாம் சொல்வாள். ஒருநாள் மிகுந்த சந்தோசத்தோடு ஒரு பதிவு வந்தது. வேலி போட்ட அன்றைக்கு அங்கே நின்று எல்லாவற்றையும் கண்ட சிவராசா என்ற இளம் மீனவர், நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல ஒத்துக்கொண்டுவிட்டாராம். அவர் அதை ஸ்ரெல்லாவிடம் மட்டும் தனியாகச் சொல்லியிருந்தார். சட்டத்தரணிக்குக்கூட அவள் இன்னும் அறிவிக்கவில்லை.

அந்தக் கிழமையே சிவராசாவின் வீட்டுக்கு இரண்டு பேர் போனார்கள். அவர் கடலுக்குப் போயிருந்த நேரம். மனைவியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். குழந்தையின் பெயர் கேட்டார்கள். "தம்பி கோட்டுக்கெல்லாம் போறாராம், கவனமாயிருக்கச் சொல்லுங்கோ" என்றார்கள். சிவராசா அன்று பின்னேரமே ஸ்ரெல்லாவுக்கு எடுத்து, "ரீச்சர், நான் ஒண்டும் காணேல்ல" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவள் ஈச்சிலம்பற்றுக்குப் போனபோது, கதைத்துக்கொண்டிருந்தவர்கள் அவளைக் கண்டதும் நிறுத்தினார்கள். பவளக்காதான் முகத்துக்கு நேரே கேட்டாராம். "ரீச்சர், உங்களோட கதைக்கிறது மட்டும் எப்பிடி அவங்களுக்குப் போகுது?"

ஸ்ரெல்லா அழுதுகொண்டே எனக்கு எடுத்தாள். அழுகை முடிந்ததும் குரல் மாறியது.

"அக்கா, சிவராசாவின்ர பேரை உங்களைத் தவிர ஒருத்தருக்கும் நான் சொல்லேல்ல."

"அதுக்கு?"

"அத்தானுக்குச் சொன்னீங்களா? லேயாவுக்கு? அங்க தமிழ்க்கடையில?"

"நீ என்னையா கேக்கிறாய்?"

"நான் ஆரைக் கேக்கிறது?"

எங்களுக்குள் அப்படி ஒரு கதை அதற்கு முன் வந்ததில்லை. நான் கோபத்தில் வைத்துவிட்டேன். ஆனால் வைத்தபிறகு அவள் கேட்ட கேள்வி எனக்குள் வேலை செய்யத் தொடங்கியது. நான் டிராமில் பதிவுகளைக் கேட்கிறேன். காதுக்குள் வைத்துக் கேட்டாலும் சத்தம் வெளியே போகுமா? பின் இருக்கையில் அடிக்கடி வரும் அந்தத் தமிழ் ஆள் யார்? கணவர் ஏன் போனைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்குப் போகிறார்? ஒரு சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் அவரிடம் நேரே கேட்டேன், ஸ்ரெல்லாவின் விசயம் எதையாவது தமிழ்க்கடையில் கதைத்தீர்களா என்று.

அவர் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அவ என்ன செய்யிறா எண்டே எனக்கு முழுசாத் தெரியாது. நீ சொன்னாத்தானே தெரியும்?"

அது உண்மை. அவருக்கு நான் ஒன்றுமே சொல்வதில்லை. எப்போதிருந்து அப்படி என்று எனக்கே தெரியவில்லை.

6

லேயா விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது நானும் கணவரும் ஒரே அறையில் இருந்து கதைக்காமல் இருப்பதைக் கண்டாள். விசயத்தைச் சொன்னேன். அவள் முதல் தடவையாகச் சிரிக்காமல் கேட்டாள்.

"போன் கோலில கதைச்சது ஏதாவது வெளியில போயிருக்கா? அல்லது பதிவாவும் எழுத்தாவும் அனுப்பினது மட்டுமா?"

நான் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். நான் ஊருக்கு வருவது எழுத்தில். பவளக்கா வீட்டுக் கூட்டம் குரல் பதிவில். சிவராசாவின் பெயரும் பதிவில்தான். நேரடியாகக் கதைத்தவற்றில் எத்தனையோ இருந்தன, ஒன்றும் போகவில்லை.

"அப்ப நடுவில ஆரும் கேக்கேல்ல அம்மா. ரெண்டு முனையில ஒண்டிலதான் ஆரோ வாசிக்கினம்."

முதலில் என் போனை வாங்கிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை; மிஞ்சியது ஸ்ரெல்லாவின் முனைதான். ஸ்ரெல்லாவை வீடியோவில் எடுத்தோம். சனிக்கிழமை. கோயில் வளவில் மறைக்கல்வி வகுப்பு முடித்துவிட்டு மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்காமல், லேயாவிடம் மட்டும் கதைத்தாள்.

"சித்தி, செட்டிங்ஸ்க்குப் போங்கோ. அதில இணைக்கப்பட்ட சாதனங்கள் எண்டு இருக்கும். அமத்துங்கோ."

"ஓம், வந்திட்டுது."

"ஏதாவது கிடக்கா?"

ஸ்ரெல்லா கண்ணாடியை உயர்த்திவிட்டு வாசித்தாள். "ஒரு கொம்பியூட்டர் எண்டு கிடக்கு. கடைசியாப் பாவிச்சது இண்டைக்கு எண்டு போட்டிருக்கு."

"உங்களிட்ட கொம்பியூட்டர் இருக்கா?"

"இல்லையே பிள்ளை. வீட்டில ஒண்டுமில்ல."

லேயா பொறுமையாக விளங்கப்படுத்தினாள். அந்தச் செயலியை ஒரு கணினியோடு இணைத்துவிட்டால், போனுக்கு வரும் எழுத்தும் பதிவும் அங்கேயும் வரும். வெளியில் இருந்து ஒருவராலும் அப்படிச் செய்ய முடியாது. போனைக் கையில் எடுத்து, பூட்டைத் திறந்து, கணினித் திரைக்கு முன்னால் பிடிக்கவேண்டும். பழைய செயலியையும் திறந்து பார்க்கச் சொன்னாள். அதிலும் ஒன்று இருந்தது.

"உங்கட போனின்ர திறக்கிற இலக்கம் ஆருக்குத் தெரியும் சித்தி?"

திரையில் அவள் முகம் அப்படியே நின்றது. இணைப்பு நின்றுவிட்டதென்று நினைத்தேன். பிறகு ஒரு காகம் கத்தியது கேட்டது.

"நான் பிறகு எடுக்கிறன்" என்றாள்.

7

யூட் என் தங்கையின் கணவர். துறைமுகப் பக்கத்தில் ஒரு தனியார் கம்பனியில் எழுதுவினைஞர். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அவளுடைய போனை வாங்கி, செயலிகளைப் பதிந்து, திறக்கும் இலக்கத்தையும் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். புதுச் செயலியையும் அவர்தான் போனை ஒபிசுக்குக் கொண்டுபோய்ப் பதிந்து கொடுத்திருக்கிறார்.

நடந்ததை ஸ்ரெல்லா பிறகு எனக்குச் சொன்னாள். அன்று சனிக்கிழமை, அவருக்கு அரைநாள் வேலை. வந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். அவள் சோற்றைப் போட்டுவிட்டு, போனை அந்தப் பக்கத்தைத் திறந்தபடியே சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது உங்கட ஒபிஸ் கொம்பியூட்டரா?"

அவர் அதைப் பார்த்தார். குழைத்த சோறு விரலில் காய்ந்துகொண்டிருந்தது.

"நான் உன்னைக் காட்டிக் குடுக்கேல்ல ஸ்ரெல்லா."

"அப்ப என்ன செய்தனீங்கள்?"

அவர் வேலை செய்யும் கம்பனியில் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஒருவர் ஒருநாள் அவரைத் தேநீருக்குக் கூப்பிட்டாராம். உங்கட மிஸிஸ் நல்லவா, ஆனா கூடாத ஆக்களோட சேருறா, எங்க போறா வாறா எண்டு முன்கூட்டியே தெரிஞ்சா ஒரு பிரச்சினையும் வராம நாங்கள் பார்த்துக்கொள்ளுவம் என்றாராம். யூட்டின் தமையன் ஒரு காலத்தில் காலையில் வேலைக்குப் போய்த் திரும்பி வராதவர். எங்கே போனார் என்று அன்று வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அதனால்தான் தேட ஒரு இடம்கூட இருக்கவில்லை என்று யூட் அடிக்கடி சொல்வார்.

"நீ எங்க நிக்கிறாய் எண்டு எனக்குத் தெரியவேணும். அதுக்குத்தான் முதல்ல இணைச்சனான். பிறகு அந்தாள் கேக்கேக்க, நாள், இடம் மட்டும்தான் சொன்னனான்."

"சிவராசாவின்ர பேர்?"

அவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"அது நாளா? இடமா?"

"அவங்கள் போய்ப் பயப்பிடுத்துவாங்கள் எண்டு நான் நினைக்கேல்ல."

"புதுசை நீங்கள்தான் பதிஞ்சு தந்தனீங்கள். நான் ஏன் மாத்துறன் எண்டு உங்களுக்குச் சொன்னனான். ஆரோ கேக்கிறாங்கள், பயமாயிருக்கு எண்டு உங்களிட்டத்தான் சொல்லி அழுதனான். அதுக்குப் பிறகும் இணைச்சீங்கள்."

அவர் கையைக் கழுவாமலே எழுந்துபோய் முற்றத்தில் நின்றாராம். இதைச் சொல்லும்போது ஸ்ரெல்லா அழவில்லை. "முதல் தடவை பயத்தில செய்தவர் எண்டு வைப்பம் அக்கா. ரெண்டாம் தடவைக்கு நான் என்ன பேர் வைக்கிறது?" என்று கேட்டாள். பிறகு, "உங்களையும் சந்தேகப்பட்டனான்" என்றாள். நானும் ஒரு பட்டியல் வைத்திருந்தேன் என்றும், அதில் டிராமில் வருகிற ஒருவர்கூட இருந்தார் என்றும் சொன்னேன். கொஞ்சம் சிரித்தாள். அந்தப் பட்டியலில் யூட் இருக்கவேயில்லை என்பதை இரண்டு பேரும் சொல்லாமல் விட்டோம்.

8

நான் ஊருக்குப் போனபோது அதற்குள் பல கிழமைகள் கடந்திருந்தன. ஸ்ரெல்லா இரண்டு செயலியிலும் கணினியை நீக்கி, திறக்கும் இலக்கத்தையும் மாற்றியிருந்தாள். ஆனால் அதைவிடக் கடினமான ஒன்றையும் செய்திருந்தாள். ஈச்சிலம்பற்றுக்குப் போய், எல்லோரையும் பவளக்கா வீட்டு மாமரத்தடியில் கூப்பிட்டு, "என்ர வீட்டுக்குள்ள இருந்துதான் போயிருக்கு. என்ர மனுசன்தான்" என்று சொல்லியிருந்தாள்.

"என்ன சொன்னவை?" என்று கேட்டேன்.

"சிவராசா எழும்பிப் போயிட்டார். பவளக்காதான், 'இவ்வளவு காலத்தில ஆரும் வந்து எங்களுக்கு இப்பிடிச் சொன்னதில்ல ரீச்சர்' எண்டவ. ஆனா அதுக்குப் பிறகு ரெண்டுதரம் எனக்குச் சொல்லாமலே லோயரிட்ட போட்டு வந்திட்டினம்."

"உனக்குக் கவலையில்லையா?"

"கவலைதான். ஆனா நானெண்டாலும் அப்பிடித்தான் செய்வன்."

பிறகு அவர்களே அவளை மறுபடி கூப்பிடத் தொடங்கினார்கள். சிவராசா மட்டும் வரவில்லை. வழக்கு நடக்கிறது. வேலி இன்னும் நிற்கிறது.

லிங்கநகர் வீட்டில் நான் நின்ற நாட்களில் யூட் என்னிடம் நன்றாகவே கதைத்தார். விமானப் பயணம் எப்படி, குளிர் எப்படி, லேயா என்ன படிக்கிறாள் என்று கேட்டார். நானும் பதில் சொன்னேன். ஆனால் ஒவ்வொரு பதிலையும் சொல்லுமுன் ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். அவருக்கும் அது தெரிந்தது. அவர் அறைக்குள் வந்தால் நான் போனைக் கவிழ்த்து வைப்பேன். அப்பாவின் திருப்பலியில் அவர் எங்களுக்குப் பின்வரிசையில் நின்றார். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் கைகூப்பினார். நானும் கூப்பினேன்.

திரும்புவதற்கு முதல்நாள் காலை, நாங்கள் மூன்று பேரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். ஸ்ரெல்லா வெளியே போக வெளிக்கிட்டுக்கொண்டு நின்றாள். யூட் தன் போனை எடுத்து, பூட்டைத் திறந்து அவளுக்கு முன்னால் வைத்தார்.

"இனி நீயும் என்ரயைப் பார். எந்த நேரமும் பார். உன்ர பேரிலயே இணைச்சு வை."

அவள் அதை ஒரு விரலால் அவர் பக்கம் தள்ளினாள்.

"எனக்கு உங்கட போன் வேண்டாம். என்னட்ட ஏதாவது தெரியவேணுமெண்டா வாயால கேளுங்கோ."

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "இண்டைக்கு எங்க போறாய்?" என்று கேட்டார்.

ஸ்ரெல்லா கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

"அதைச் சொல்லமாட்டன். ஆனா சொல்லமாட்டன் எண்டு உங்கட முகத்தைப் பாத்துச் சொல்லுறன்."

அவர் தலையை ஆட்டினார். அவமானப்பட்டவர் போலவும் இருந்தது, ஏதோ ஒன்று கிடைத்துவிட்டவர் போலவும் இருந்தது. எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

"பஸ்ஸடியில இறக்கி விடவா?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"ஓம். பஸ்ஸடி மட்டும்."

இரண்டு பேரும் மோட்டார் சைக்கிளில் போனார்கள். இருவருக்கும் நடுவில் அவள் தன் கைப்பையை வைத்திருந்தாள். மூதூர்ப் பக்கம் போகும் பஸ்களும், நிலாவெளிப் பக்கம் போகும் பஸ்களும், கிண்ணியாவுக்குப் போகும் பஸ்களும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். எதில் ஏறுகிறாள் என்று பார்க்க அங்கே கொஞ்ச நேரம் நின்றாலே போதும்.

அவள் பின்னேரம் வந்து குசினியில் வைத்து எனக்கு மெதுவாகச் சொன்னாள். யூட் அவளை இறக்கிவிட்டு, ஒரு பஸ்ஸும் வருமுன்னரே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாராம்.